அகப்பைக்கு அந்தப் பக்கம்

கவயோன், தென் பிரான்சு
28 ஜூன் 1999

அன்புள்ள ஹாஜர் அக்காவுக்கு,

நலம். இதைப் படிக்கும்போதே கையில் சிவப்புப் பேனாவை எடுத்திருப்பாய் என்று தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விடைத்தாளோடு இதையும் திருத்திவிடாதே.

பீச் பழத் தோட்டத்தில் வேலை. பழத்தின் மேலிருக்கும் பூனைமயிர் கழுத்தில் இறங்கிப் பகலெல்லாம் அரிக்கிறது. ஆனாலும் இடம் சொர்க்கம். நான் மாணவர்களின் கூடாரத்தில் இருக்கிறேன். போலந்துக்காரன் ஒருவனும் டென்மார்க்குக்காரர்களும் உண்டு. தோட்டத்து மறுகோடியில் மொராக்கோ கூலியாட்கள் கொட்டகை. காலையிலேயே மத்திமீன் பொரித்து, பாட்டை அலறவிட்டு, பார்க்கவே வெட்கமாக இருக்கிறது. முதலாளியம்மா என்னிடம், "நீ துனிசியாவா? சொன்னாத்தான் தெரியுது, பார்த்தா தெரியலையே" என்றாள். உன் தம்பியின் பிரெஞ்சு அப்படி!

அம்மா கட்டிக் கொடுத்த வறுத்த மாவை யாருக்கோ கொடுத்துவிட்டேன். இங்கே எல்லோர் முன்னும் அதை எண்ணெயில் குழைத்துத் தின்ன முடியாது. அம்மாவிடம் சொல்லாதே.

பக்கத்து வீட்டு மப்ரூக்கா சின்னம்மாவிடமும் ஒன்றைச் சொல்லிவை. நான் கிளம்பும்போது பின்னால் செம்பு நிறையத் தண்ணீர் ஊற்றினாரே, என் புதுக் காற்சட்டை நனைந்து கப்பல் ஏறும்வரை காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு நூற்றாண்டே முடியப்போகிறது. இன்னும் தண்ணீர் ஊற்றித்தான் ஆளைத் திரும்ப வரவழைக்க வேண்டுமா?

அடுத்து லியோன், ஃப்ளாரன்ஸ், ரோம். ஆகஸ்ட் முழுக்க சிசிலியில், பலெர்மோவில் ஒரு மாதாகோவில் சமையற்கூடத்தில் ஏழைகளுக்குச் சேவை. சம்பளம் இல்லாத வேலைதான். ஆனால் லியோனில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் சான்றிதழ் பேசும்.

உன் தம்பி
கைஸ்

* * *

கெலிபியா
10 ஜூலை 1999

மேன்மை தங்கிய பிரெஞ்சு துரை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எட்டுப் பிழைகள். முதலாளியம்மாவுக்கு உன்னைப் பார்த்துத் தெரியவில்லை என்றால் அவளுக்குக் கண் மங்கல் என்று அர்த்தம். அப்பாவின் மூக்கை அப்படியே வைத்துக்கொண்டு எங்கே ஒளிவாய்?

அம்மா அந்த மாவை வறுக்க இரண்டு நாள் அடுப்படியில் வெந்தாள். 'பிள்ளை வெறும் வயித்துல வேலைக்குப் போகக்கூடாது' என்று புலம்பிக்கொண்டே வறுத்தாள். நீ ருசித்துச் சாப்பிடுவதாகச் சொல்லிவைத்திருக்கிறேன். உனக்காகப் பொய் சொல்வது இந்த வீட்டில் எனக்கு உத்தியோகம்.

இனி வேடிக்கை இல்லை. ஹம்மாதி போய்விட்டான். எந்த ஹம்மாதி என்று கேட்டுவிடாதே. மப்ரூக்கா சின்னம்மாவின் மகன், பள்ளியில் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், நீ கடலில் மூழ்கப்போனபோது தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்தவன். உனக்கு விசாவும் கப்பல் சீட்டும் கிடைத்தன. அவனுக்கு ஒரு மீன்பிடிப் படகும் இருட்டும். யாரிடமும் சொல்லவில்லை. படகு கரை சேர்ந்ததா என்பதே தெரியாது.

சின்னம்மா நம் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "திருடன் மாதிரி போயிட்டான்டி ஹாஜர். பின்னாடி ஒரு செம்புத் தண்ணி ஊத்தக்கூட வழியில்லாம போச்சு. உன் தம்பிக்கு ஊத்தினேனே, அதுல பாதிய மிச்சம் வெச்சிருந்தா ஆகாதா?"

உன் காற்சட்டை சங்கதியை அவளிடம் சொல்லவில்லை.

சிசிலிக்குத்தான் படகுகள் போகின்றன. நீ அங்கே போகிறாய். தேடு. கண்டால் உயிரோடு இருக்கிறான் என்று ஒரு வரி எழுது, போதும்.

ஹாஜர்

* * *

ரோம்
24 ஜூலை 1999

அக்கா,

பட அட்டை என்பதால் இடம் குறைவு. ஃப்ளாரன்ஸில் ஓவியங்கள், இங்கே நீரூற்றுகள். நாணயம் ஒன்றை முதுகுக்குப் பின்னால் தண்ணீரில் போட்டால் மறுபடி இந்த ஊருக்கு வருவோமாம். நானும் போட்டேன். கூட வந்த டென்மார்க்குப் பெண் கிர்ஸ்டன் படம் எடுத்தாள். அவளும் பலெர்மோவுக்கு வருகிறாள்.

கைஸ்

* * *

பலெர்மோ
5 ஆகஸ்ட் 1999

அன்புள்ள அக்கா,

வந்து சேர்ந்துவிட்டேன். இத்தனை உழைப்பு நான் பார்த்ததில்லை. காலையில் வெங்காயம், பிற்பகலில் பாத்திரம், சாயங்காலம் பரிமாறல். நீளமான மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் வரிசை. சூப் அகப்பை என் கையில். முதல் நாளே பொறுப்பாளர் பாதிரியார் தட்டிக்கொடுத்தார்.

வரிசையைப் பற்றி என்ன எழுதுவது? பாதிக்குமேல் நம்மவர்கள். தள்ளுகிறார்கள், கத்துகிறார்கள், ஒருவன்கூட நன்றி சொல்வதில்லை. நம் பாஷையில் ஒரு வார்த்தை விட்டால் போதும், கழுத்தில் தொங்கிவிடுவார்கள். என் பக்கத்தில் நின்று பரிமாறும் பையன் ஒருவன் அப்படித்தான் மாட்டிக்கொண்டான். "தம்பி எந்த ஊரு? ஒரு போன் பண்ணணும். படுக்க இடம் கிடைக்குமா? உங்க பாதிரியார்கிட்ட சொல்லேன்" என்று தெருமுனை வரை விடவில்லை. நான் பிரெஞ்சில் மட்டும்தான் பேசுகிறேன். கிர்ஸ்டன் என்னை லியோன்காரன் என்றே நினைத்திருக்கிறாள். நானாகச் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. மறுத்தால் அவள் பார்வை மாறும், அக்கா. இந்த நாட்டில் நம்மை மேசைக்கு எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதை அந்தப் பார்வைதான் முடிவு செய்கிறது. இது உனக்குப் புரியாது.

கைஸ்

* * *

கெலிபியா
13 ஆகஸ்ட் 1999

லியோன்காரரே,

நன்றாகவே புரிந்தது. நான் பாடம் நடத்தும் மொழியை நீ முகமூடியாக மாட்டிக்கொண்டு திரிகிறாய். உன்னைக் கண்டு எனக்குக் கோபம்கூட வரவில்லை. செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல இருக்கிறது.

பட அட்டையில் நீரூற்றுக்கு இடம் இருந்தது, ஹம்மாதிக்கு இல்லை. நீண்ட கடிதத்தில் வெங்காயத்துக்கு இடம் இருந்தது, அவனுக்கு இல்லை. முதுகுக்குப் பின்னால் நாணயம் போட்டால் நாகரிகம், தண்ணீர் ஊற்றினால் பட்டிக்காட்டுத்தனம், அப்படித்தானே?

இங்கே மொட்டைமாடியெல்லாம் மிளகாய் காய்கிறது. தெருவுக்குத் தெரு கல்யாண மேளம். மப்ரூக்கா சின்னம்மா எந்தக் கல்யாணத்துக்கும் போவதில்லை. தினமும் அசர் தொழுகைக்குப் பிறகு முனையிலிருக்கும் தொலைபேசிக் கடையில் போய் உட்காருகிறாள். கடைக்காரர் முஹ்தார் அவளுக்கென்றே ஒரு நாற்காலி போட்டுவிட்டார். மணி அடித்தால் எழுந்து நிற்கிறாள். வேறு யாருக்கோ என்றதும் உட்காருகிறாள். போன வாரம் கரையில் இரண்டு உடல்கள் ஒதுங்கின. அவளைக் கூட்டிக்கொண்டு நான்தான் பார்க்கப் போனேன். அவன் இல்லை. இறைவனுக்கு நன்றி என்று சொல்லவும் வாய் கூசியது.

கேட்பது ஒன்றுதான். பார்த்தாயா, இல்லையா?

ஹாஜர்

* * *

பலெர்மோ
20 ஆகஸ்ட் 1999

அக்கா,

நீ எழுதும் கடிதங்களுக்கு வரி போட்டால் நம் அரசாங்கம் பணக்கார அரசாங்கம் ஆகிவிடும். இவ்வளவு காரம் எதற்கு?

ஹம்மாதியைப் பார்க்கவில்லை. விசாரித்தேன், எல்லோரிடமும் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. தினம் எத்தனையோ பேர் வருகிறார்கள். முகத்தையெல்லாம் யார் பார்ப்பது? நீட்டுகிற கிண்ணத்தைத்தான் பார்ப்போம். அவன் இந்தப் பக்கமே வந்திருக்கமாட்டான். சின்னம்மாவிடம் என் சலாம் சொல். தைரியமாக இருக்கச் சொல்.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி கப்பலில் வருகிறேன். கோலெத் துறைமுகத்துக்கு வண்டி ஏற்பாடு செய்.

கைஸ்

* * *

கெலிபியா
29 ஆகஸ்ட் 1999

கைஸ்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சின்னம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். 'பார்க்கவில்லை' என்ற இடத்தில் அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

சனிக்கிழமை தொலைபேசி வந்தது. முஹ்தாரின் மகள் தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். நானும் சின்னம்மாவோடு ஓடினேன். ஹம்மாதியேதான்! சிசிலிக்காரர்கள் பிடித்து அடைத்து, நாட்டைவிட்டுப் போகச் சொல்லித் தாள் கொடுத்து வெளியே விட்டிருக்கிறார்கள். பலெர்மோவில் இருக்கிறான். தன் அம்மாவிடம் சொன்னான்: "கவலப்படாத, இங்க நம்ம கைஸ பார்த்தேன். என்னக் கட்டிப்புடிச்சுக்கிட்டான். ரெண்டு தடவ சூப்பு ஊத்தினான். சொந்த ஆளு இருக்கான்ல, எனக்கென்ன!"

முகவரி குறித்துக்கொள்ளச் சொல்லிச் சின்னம்மா தொலைபேசியை என்னிடம் கொடுத்தாள் (முகவரி இந்தத் தாளின் பின்பக்கம்). அவள் முஹ்தாரைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நான் மெதுவாகக் கேட்டேன்: "அவன் உன்னைப் பார்க்கவே இல்லன்னு எழுதியிருக்கானே?"

"அப்படியா எழுதியிருக்கான்?" என்றான். பிறகு சிரித்தான். "திட்டாதீங்க அக்கா, அவனுக்கு என்ன பயமோ. ஆகஸ்டு மொத வாரமே வரிசையில நின்னேன். அகப்பையோட நம்ம கைஸு! 'டேய்'னேன். பிரெஞ்சுல 'அடுத்த ஆள்'ங்கிறான். ஒருவேளை வேற ஆளோன்னு எனக்கே சந்தேகம். அந்த நேரம் பார்த்து கூடையிலேருந்து ரொட்டி ஒண்ணு கீழ விழுந்துச்சு. குனிஞ்சான், எடுத்தான், முத்தம் குடுத்தான், நெத்தியில தொட்டான், யார் காலும் படாம சன்னல்மேல வெச்சான். எந்த வெள்ளக்காரன் அக்கா அப்படிச் செய்வான்? பக்கத்துல நின்ன பொண்ணு அவனையே வெறிச்சுப் பார்க்குது. எனக்குச் சிரிப்பு தாங்கல. கிண்ணத்த எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அப்புறம் அங்க போகல, அவனுக்கு எதுக்குச் சங்கடம்னு."

பசியோடு இருந்தவன், உனக்குச் சங்கடம் என்று அந்தச் சாப்பாட்டையும் விட்டிருக்கிறான். நீ அதற்கப்புறம் உட்கார்ந்து எனக்கு 'விசாரித்தேன், எல்லோரிடமும் கேட்டேன்' என்று எழுதியிருக்கிறாய். எப்படி எழுத வந்தது கை? அவள் பிணங்களைப் பார்க்கப் போன நாளில் அவன் உயிரோடு இருப்பது உனக்குத் தெரியும். ஒரு வரி. ஒரே ஒரு வரி, நாயே.

கேள் இன்னும். இன்று காலை சின்னம்மா ஒரு தட்டு நிறைய மக்ரூத் செய்து எடுத்துவந்தாள். பேரீச்சை அடைத்து, தேனில் ஊறவைத்து, இன்னும் சூடு ஆறாமல். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எப்படிப்பட்ட பிள்ளையப் பெத்திருக்க! என் மகன் கஞ்சி வரிசையில நிக்கிறான்னு தெரிஞ்சா நான் உடைஞ்சிடுவேன்னுதான் பார்க்கலன்னு எழுதியிருக்கான். அந்த நாசூக்கு யாருக்கு வரும்?" அம்மா பெருமையில் அழுதாள். எனக்கு ஒன்றை எடுத்து வாயில் ஊட்டினாள் சின்னம்மா. தின்றேன். வேறு என்ன செய்ய?

நான் யாரிடமும் சொல்லவில்லை. உனக்காக அல்ல. அவள் இரண்டு மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் தூங்கினாள்.

ஹாஜர்

* * *

பலெர்மோ
6 செப்டம்பர் 1999

அக்கா,

உன் கடிதத்தைச் சமையற்கூடத்தில் நின்றபடியே படித்தேன். அகப்பையை வைத்துவிட்டு நீ எழுதிய முகவரிக்குப் போனேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் பழைய கிடங்கு. ஹம்மாதி இல்லை. தக்காளி பறிக்க வடக்கே போய்விட்டானாம், எந்த ஊர் என்று தெரியாது. அவன் படுத்திருந்த இடத்தில் செனகல்காரர் ஒருவர் இருந்தார். நான் யார் என்று கேட்டார். அண்டை வீட்டுக்காரன் என்றேன். "ஓ, ரொட்டி ஆளா!" என்று சிரித்தார். அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

கிர்ஸ்டனிடம் நான் யார் என்று சொன்னேன். "தெரியுமே, எல்லாருக்கும் தெரியுமே" என்றாள். எதற்காக இத்தனை நாள் நடித்தேன் என்று அவள் கேட்கக்கூட இல்லை. அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

சான்றிதழ் வந்துவிட்டது. பெட்டியில் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். கோபித்துக்கொள், ஆனால் பதில் எழுது. சின்னம்மா துறைமுகத்துக்கு வருவாரா? வந்தால் கேட்பார்: இளைத்துவிட்டானா, இருமினானா, என்ன சட்டை போட்டிருந்தான் என்று. நான் என்ன சொல்வேன்? அன்று அவன் குரல் கேட்டதும் குனிந்துவிட்டேன். கிண்ணத்தைத்தான் பார்த்தேன், அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஒன்று மட்டும் பொய்யில்லாமல் எழுதியிருக்கிறேன் உனக்கு.

கைஸ்

* * *

கெலிபியா
12 செப்டம்பர் 1999

கைஸ்,

வருவாள். வண்டியில் முன் இருக்கை அவளுக்குத்தான். அம்மாவும் அவளும் சேர்ந்து பித்தளைச் செம்பைத் துலக்கி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றியதால்தான் நீ திரும்புகிறாயாம். நீ இறங்கியதும் அவள் உன் கையை முத்தமிட வருவாள். முந்திக்கொண்டு அவள் கையை நீ முத்தமிடு. காற்சட்டை கசங்கினால் பரவாயில்லை.

அவள் கேட்பதை நானும் அன்றே தொலைபேசியில் ஹம்மாதியிடம் கேட்டுவைத்தேன். உன்னை நம்பி விட முடியாது என்று தெரியும். சாயங்காலமே எல்லாவற்றையும் நீ தனியாக எனக்கு எழுதியதுபோலச் சின்னம்மாவிடம் ஒப்பித்துவிட்டேன். அதனால் என்னோடு முரண்படாதே. கவனமாகப் படி:

பச்சைச் சட்டை போட்டிருந்தான், யாரோ கொடுத்தது, தோளில் கொஞ்சம் பெரிது. தாடி விட்டிருந்தான். இளைத்திருந்தான், ஆனால் இருமல் இல்லை. சிரித்த முகம். செருப்பு இரண்டும் ஜோடி இல்லை; அதைச் சொல்லாதே. உன்னைப் பார்த்ததும் 'டேய்' என்றான். நீ மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாய்.

கப்பலில் உனக்கு நேரம் இருக்கும். சின்ன வயதிலிருந்தே மனப்பாடம் நன்றாக வரும் உனக்கு; ஹம்மாதிக்குத்தான் வராது. அதனால்தானே நீ தேறினாய், அவன் தேறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உன் பயணக் கதைகளைத் தெருவே கேட்க வரும். சொல். நான் உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். என்னைக் கூப்பிடாதே. கூப்பிட்டாலும் வரமாட்டேன், இந்த வருஷமும் அடுத்த வருஷமும்.

ரொட்டி கீழே விழுந்ததைச் சின்னம்மாவிடம் சொல்லலாம். அதை நீ மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை.

ஹாஜர்