மாலை மாத்து!

ஏப்ரல் 24, வியாழன்
மழை. கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் எங்கள் பாட்டு. அந்த லத்தீன் தாளம் தொடங்கியதுமே பின் சீட்டுப் பெண்கள் உட்கார்ந்தபடியே ஆடினார்கள். என்னை அடையாளம் கண்டு, "அக்கா, அண்ணே வரலியா?" அண்ணன் என்றால் ரவி. டூயட்டில் என் காதலன், வீட்டில் என் புருஷன். அவன் அடித்து நான் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டதைப் பஸ்ஸிலா சொல்வது? "வேலை" என்றேன். அம்மாவிடமே சண்டை என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.
வாங்க வேண்டியது: குளிக்கச் சவர்க்காரம், தோள் புண்ணுக்கு மருந்து.

ஏப்ரல் 27, ஞாயிறு
பத்திரிகையில் விமர்சனம். "ஆட வைக்கும் பாட்டு. ஆனால் காதலர் இருவரும் வேறு வேறு அறையில் நின்று பாடுவதுபோல் இருக்கிறது." உண்மைதான். நான் காலையில் பாடினேன், அவன் பின்னேரம். அப்போதும் எங்களுக்குள் பேச்சில்லை. யூடியூபில் ரசிகர்கள் விமர்சனம் எழுதியவரைக் கிழிக்கிறார்கள். "பொறாமை புடிச்ச ஆளு." "இந்த ஜோடிக்குக் கண்ணு பட்டுரும், சுத்திப் போடுங்க."

ஏப்ரல் 29, செவ்வாய்
ரவி மேல் முறைப்பாடு செய்யப் பொலிஸுக்கு. எழுத உட்கார்ந்த பெண் பொலிஸுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நங்கி, மே ஒயாகே சிந்துவ நேத?" தங்கச்சி, இது உன் பாட்டுத்தானே என்கிறாள் சிங்களத்தில். செல்பி வேறு. நல்ல ஜோடி, சமாதானமாகப் போங்கள் என்று புத்திமதி. ஒரு வரி எழுதவில்லை. வந்துவிட்டேன்.

மே 3, சனி
ஹேவாஹெட்ட, தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழா. முன்பே ஒத்துக்கொண்டது, தட்ட முடியவில்லை. மேடையில் ரவி சிரித்துக்கொண்டே நின்றான். பாடி முடிந்ததும் பொன்னாடை போர்த்துவார்கள் என்று பார்த்தால், கோயில் கமிட்டித் தலைவர் இரண்டு மாலையோடு வருகிறார். "ரெண்டு பேரும் மாத்திக்கங்கம்மா, அம்மன் சன்னதி." கூட்டம் முழுக்க, "மாலை மாத்து! மாலை மாத்து!" ரவி தலையைக் குனிந்து கொடுத்தான். மாலையை மைக்கில் மாட்டிவிட்டு இறங்கிவிட்டேன். ஊளை.

மே 4, ஞாயிறு
வெயில். வீடியோ எங்கும். "பேர் வந்தவொடனே புருஷன் கசக்குது." "கோயில்ல இப்பிடியா? இனி இவ பாட்டே வேணாம்." நேற்றுவரை கண்ணு பட்டுரும் என்றவர்கள். அம்மாவும் பார்த்துவிட்டாள். "ஒரு மாலதானே, போட்டிருக்கலாமே." சட்டையை இறக்கித் தோளைக் காட்டினேன். இஸ்திரிப் பெட்டியால் சுட்டது. அம்மா அடுப்பை அணைத்தாள். கிட்ட வந்து பார்த்தாள்.
"எனக்கு ஒங்கப்பா செத்த பெறகுதான் ஆறுச்சு" என்றாள்.