பதினேழு தடவை சொன்ன பாடம்

இன்று காலை தண்ணி லாரி வந்தது. வரிசையில் உன் பச்சைக் குடத்தையும் கொண்டுபோய் வைத்தேன். யாரோ தன் குடத்தை அதற்கு முன்னால் சொருகினார்கள். இருமினால் ராயபுரமே நடுங்கும் தொண்டை என்று பீற்றிக்கொண்ட நான், உன் குடத்தைப் பின்னால் நகர்த்தி இடம் விட்டேன்.

அக்கா மகளே, அந்த வரிசையைக் காட்டித்தானே எனக்குப் பாடம் எடுத்தாய்? அந்தத் திங்கட்கிழமை உனக்கு இன்டர்வியூ இருந்தது. பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் லிஸ்ட்டுக்கும் டியூப்பிளுக்கும் வித்தியாசம் கட்டாயம் கேட்பார்களாம். பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த தாள்களோடு வந்து, துறைமுகத்துக் கிரேனைச் சுண்டு விரலால் தூக்கிய இந்த மாமனுக்கே விளங்கிவிட்டால் உலகத்துக்கே விளங்கிவிடும் என்று உட்கார வைத்தாய்.

"லிஸ்ட்டு இந்தக் குட வரிசை மாதிரி மாமா. நடுவுல சொருகலாம், எடுக்கலாம், இடம் மாத்தலாம். டியூப்பிளும் வரிசைதான். ஆனா மாதா கோயில் கல்லுல செதுக்குன பேருங்க மாதிரி. படிக்கலாம், எண்ணலாம். மாத்த முடியாது."

"உளி எத்துகினு போயி என் பேரையும் சேத்துட்டா?"

"அதுக்குப் புதுக் கல்லு செதுக்கணும். அப்புறம், எண்றது சைபர்லேர்ந்து. மொதக் குடம் சைபர்."

"சைபர்னா குடமே இல்லியே கண்ணு. தண்ணிய இன்னாத்துல புடிப்பே?"

தலையில் அடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாய். பதினேழு தடவை. கோபத்தில் உன் மூக்கு விடைப்பதைப் பார்க்க எனக்கு அத்தனை ஆசை.

இன்டர்வியூவில் அதே கேள்விதான் வந்தது. பாதியில் நின்றுவிட்டாய். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாய்: "உனக்கே புரிய வெக்க முடியல. அவங்க மூஞ்சப் பாத்ததும் எனக்கே எதுவும் தெரியாத மாதிரி ஆயிடுச்சி மாமா."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சிரித்து மழுப்பினேன். அடுத்த இன்டர்வியூவுக்கு முன்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அதற்குள் உனக்குக் காய்ச்சல். ஒன்பதே நாளில் போய்விட்டாய். ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, எண்ணூர்க் கடலை ஒரே மடக்கில் குடித்த கதையெல்லாம் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை.

எனக்கு முதல் தடவையே புரிந்தது, கண்ணு. அவ்வளவு நன்றாகச் சொன்னாய். மீதிப் பதினாறும் என் குறும்பு.

இப்போதெல்லாம் ரேஷன் கடையிலோ பேங்க்கிலோ எந்தச் சின்னப் பெண் எதை விளக்கினாலும், பாதி விளங்காவிட்டாலும், "புரிஞ்சிடுச்சிம்மா, நல்லா சொன்னே" என்று உடனே சொல்லிவிடுகிறேன். அவள் முகம் மலர்ந்துவிடும். அதற்குமேல் அங்கே நிற்க முடிவதில்லை. வெளியே வந்துவிடுகிறேன்.