கால்விரலில் ஏது சாயம்

செவ்வாய், ஜூன் 10, 2008

வெயில். பாலாற்று மணலில் பொரி வறுக்கலாம். சைக்கிளுக்குக் காற்றடிக்கக் கிளம்பியவன், போகிற வழியில் தங்கை ஸ்டெல்லா வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். அவள் மகன் சேவியர் போர்வைக்குள். காய்ச்சல், பிதற்றல். போன வாரம் தோல் கம்பெனியில் கம்பி குத்திய உள்ளங்கை இட்லி மாதிரி வீக்கம். அதில் காபித்தூள் அடைத்து வைத்திருக்கிறார்கள்! உள்ளங்கை என்ன காபி கிளப்பா?

கைவிரல்கள் கருநீலம். அவள் கணவன் அந்தோணி மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"சாயம் மச்சான். ஸ்பிரே செக்‌ஷன்ல கறுப்பு ஓடுது இல்ல? எல்லாப் பசங்களுக்கும் இப்டித்தான்."

கம்பெனிக் கம்பவுண்டரும் அதையே சொன்னாராம். சோப்பு போடச் சொன்னாராம். அந்த மகானுக்கு ஊர் நடுவில் சிலை வைக்க வேண்டும். தலை இல்லாத சிலை.

போர்வையை விலக்கினேன். கால்விரல்களும் அதே நிறம்.

"இன்னா மாப்ள, உம் புள்ள காலாலயா ஸ்பிரே அடிக்கிறான்?"

அந்தோணி துணியைக் கீழே போட்டான். ஆம்புலன்ஸ். வேலூர் பெரிய ஆஸ்பத்திரி. வழி நெடுக டிரைவரைத் திட்டினேன். பாவம், நன்றாகத்தான் ஓட்டினார்.

புதன் 11

ஐ.சி.யு. வாசல். சேவியருக்கு நினைவில்லை. ஈறில் ரத்தம், ஊசி குத்திய இடமெல்லாம் கசிவு. பிழைப்பது பாதிக்குப் பாதி என்கிறார்கள்.

லேடி டாக்டர், சின்ன வயசு. நான் கத்தியும் உட்கார்ந்து விளக்கினார். எழுதி வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் ஸ்டெல்லாவிடம் சொல்லும்போது நானே புது வைத்திய சாஸ்திரம் கண்டுபிடித்துவிடுவேன்.

கிருமி கை வழியாக ரத்தத்தில். வெள்ளை அணுக்கள் சண்டைக்கு. சில தங்களுக்குள் இருக்கும் நூலையே உருவி வலை வீசும், கிருமி சிக்க. வெட்டுப்பட்டால் ரத்தத்தை நிறுத்தும் தட்டணுக்கள் அந்த வலையில் ஒட்டிக்கொண்டு வெள்ளை அணுக்களை மேலும் உசுப்பிவிடும். மேலும் வலை, மேலும் ரத்தக்கட்டி. ஓரிடத்தில் என்றால் நல்லது, கிருமியைப் பூட்டி வைக்கும். உடம்பு முழுக்க என்றால் மெல்லிய குழாய்கள் அடைபடும். விரல், கிட்னி. தட்டணு எல்லாம் அங்கே செலவு. ஈறில் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் இல்லை.

"அப்ப கட்டிய கரைக்க மருந்து ஊத்துங்க டாக்டர்!"

"ஊத்தினா மூளையில ரத்தம் கசியலாம் சார். மொதல்ல கிருமி அடங்கணும். கையைக் கீறி சீழ் எடுத்துட்டோம். ஆன்டிபயாடிக் போகுது."

இன்றைய அரசாணை: சேவியரின் வெள்ளைப் படை மொத்தமும் டிஸ்மிஸ். ஒரு பிக்பாக்கெட்டைப் பிடிக்கச் சொன்னால் சென்னையிலிருந்து பெங்களூர் வரை முள்வேலி போட்டு, பால் வண்டியைக்கூட விடாமல் ஊரைப் பட்டினி போடுகிற போலீஸ் உலகத்தில் உண்டா? தட்டணுப் பெருமக்களே, உங்களை யார் கூட்டம் சேர்க்கச் சொன்னது?

படை இல்லாவிட்டால் பையன் இன்றே போய்விடுவான் என்றார் டாக்டர். ஆணை வாபஸ். ஆத்திரம் வாபஸ் இல்லை.

வியாழன் 12

மழை வருகிற மாதிரி இருட்டி ஏமாற்றியது. தட்டணு கொடுக்க ஆம்பூரிலிருந்து வேன் நிறையக் கம்பெனிப் பையன்கள். அத்தனை பேர் விரலும் கறுப்பு. நர்ஸ் ஒவ்வொரு நகமாக அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"சாயந்தான் சிஸ்டர். சத்தியமா சாயம்."

சூப்பர்வைசரும் ஆப்பிள் பையோடு. "சாயம்னுதான் சார் நெனச்சோம்."

"ஜுரமும் சாயத்துல வந்துதா? சேவியர் கிளவுஸ் கேட்டப்ப, 'நீ இன்னா கல்யாண மாப்ளையா'ன்னியாமே?"

பையைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறியப் போனேன். ஸ்டெல்லா ஒன்றை எடுத்துக்கொண்டாள். நேற்றிலிருந்து பட்டினி. நின்றபடியே கடித்தாள். ஓங்கிய என் கை இறங்கிவிட்டது.

ஞாயிறு 15

பூசைக்குப் போகவில்லை. ஆண்டவரோடு பேசுகிற நிலையில் நான் இல்லை. பேசினால் அவருக்குத்தான் சங்கடம்.

வாங்க வேண்டியவை: தேங்காய் எண்ணெய், ஸ்டெல்லாவுக்குச் செருப்பு (அவசரத்தில் வெறுங்காலோடு வந்திருக்கிறாள்).

காய்ச்சல் கம்மி. தட்டணு ஏறுகிறது. மூத்திரம் நன்றாகப் போகிறதாம். கேட்டதும் அந்தோணி அழுதான். கைவிரல்கள் சிவக்கின்றன. வலது காலும். இடது கால் விரல்கள் மட்டும் கரி. செத்ததற்கும் உயிருள்ளதற்கும் நடுவில் கோடு தெளியும் வரை காத்திருக்கிறார்களாம்.

எதற்கு? கோடு பார்க்கவா பையனைப் பெற்றோம்?

ஜூலை 3, வியாழன்

புழுக்கம். கோடு தெளிந்துவிட்டது. நாளை ஆபரேஷன். பையனிடம் யார் சொல்வது? அந்தோணி சுவரைப் பார்த்தான். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். தாய்மாமன். போனேன்.

"இன்னா மாமா, மூஞ்ச தூக்கி வச்சிக்கினு வர்ற?"

சொன்னேன். இடது கால். நாளைக் காலை.

"எத்தினி விரல்?"

"அஞ்சு."

போர்வை முனையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ எதையும் டபுளாத்தானே சொல்லுவ. ரெண்டரையா?"

"இல்லடா. அஞ்சுதான்."