நீ விரலால் வாசித்த கடிதம்

இன்று காலை என் மடிக்கணினி தானாகவே புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியது. கறுப்புத் திரை, சுற்றிக்கொண்டே ஒரு வட்டம், கீழே ‘அணைத்துவிடாதீர்கள்’ என்று ஒரு வரி. சமையலறைக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம். நீ இருந்திருந்தால், “ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காதாடி?” என்று சிரித்திருப்பாய்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நாம் இருவரும் நடத்திய தட்டச்சு நிலையத்துக்கு இரண்டு கணினிகள் வந்திருந்த காலம். ஒன்று தமிழுக்கு, மற்றது ஆங்கிலத்துக்கு. தமிழ்க் கணினிக்குப் புது விண்டோஸ் போட வேண்டும் என்று ஒரு மாதமாக உன்னைப் பிடுங்கி எடுத்தேன். “ஓடுறது ஓடட்டும்டி, இம்புட்டு அவசரம் எதுக்கு?” என்பாய். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நீ தொழுகைக்காக பேகம்பூர் வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, குறுந்தகட்டைப் போட்டுவிட்டேன். பாதியில் அது அசையாமல் நின்றது. கால் மணி நேரம்கூட எனக்குப் பொறுக்கவில்லை. சுவிட்சை அணைத்தேன். திரும்பப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண்சிமிட்டியது. நீ வந்ததும், “கரண்டு போச்சுடி” என்று வாய்கூசாமல் சொன்னேன்.

அன்றைக்கென்று பார்த்தா நெய்க்காரப்பட்டியிலிருந்து அந்தப் பெண் வந்து நிற்க வேண்டும்? அவள் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சில வாரங்களுக்கு முன், அறுவை சிகிச்சைக்குப் போகுமுன் அந்த அம்மா நம் நிலையத்துக்கு வந்து மகளுக்கு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல, நீ அடித்து வைத்தாய். காகிதத்தில் எடுக்க விடவில்லை. “உள்ளயே இருக்கட்டுங்க. நான் பொழச்சு வந்தா அழிச்சுப்போடுங்க. வரலைன்னா எம்பொண்ணு வருவா” என்றார். மகள்தான் வந்திருந்தாள். “ஏனுங்க, அம்மா எனக்கு ஏதோ சொல்லி வெச்சிருக்காங்களாமே?” என்றாள். மாதாவே! அந்தக் கடிதம் இருந்தது நான் கெடுத்து வைத்திருந்த தமிழ்க் கணினியில்.

நீ என்னைத் திட்டவில்லை. பெட்டியைத் திறந்து ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, ஆங்கிலக் கணினியில் இரண்டாவது டிஸ்காக மாட்டினாய். கோப்பு கிடைத்தது. திறந்தால், ஐயோ, தமிழே இல்லை. அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு கிடையாது. பழைய டிஸ்கில் இருந்த எழுத்துருவோ நான் செய்த வேலையில் சிதைந்திருந்தது. எழுத்துரு போட்டுக்கொடுத்த மதுரைக்காரர், வர இரண்டு நாள் ஆகும் என்றார். திரை நிறைய அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்.

“ரெண்டு நாள் கழிச்சு வரச் சொல்லுவோமா?” என்றேன்.

“தாயைப் பறிகொடுத்துட்டு வந்த புள்ளைடி. வெறுங்கையோடவா அனுப்புறது? நீ அந்த எழுத்தை ஒவ்வொண்ணா வாசி” என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வாசித்தேன். அந்தந்த விசை இருக்கும் இடத்தை உன் விரல்கள் வெறும் மேசையில் தட்டின. “அம்மா” என்றாய். எந்த விசையில் எந்தத் தமிழ் எழுத்து என்பது, வருஷக்கணக்காக அடித்த உன் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. நான் வாசிக்க, நீ தட்டிச் சொல்ல, நானே காகிதத்தில் எழுதினேன். நான் அவசரத்தில் ஓர் எழுத்தை விழுங்கினால், “செத்த இரு, ஒண்ணு குறையுது” என்று நிறுத்துவாய். மூன்று மணி நேரம் ஆயிற்று.

‘நீ சொல்லாமக் கண்ணாலம் பண்ணிட்டுப் போன அன்னைக்கு நான் பேசுனதெல்லாம் கோவத்துல பேசுனது கண்ணு. வீட்டுக்கு வந்து போயிட்டு இரு.’ அந்த வரியைப் படித்ததும் அவள் பெஞ்சிலேயே உடைந்துவிட்டாள். “கோவத்தோடயே போயிட்டாங்கன்னு நெனச்சனுங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நீ அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாய். நான் உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் எத்தனையோ முறை உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. போன மாதம் மருத்துவமனையில் நீதான் சொன்னாய்: “அன்னிக்குக் கரண்டு போகலைடி. பக்கத்து மாவு மில்லு நிக்காம ஓடுச்சுன்னு அந்த அண்ணன் அன்னிக்கே சொல்லிட்டாரு.” சொல்லிவிட்டுச் சிரித்தாய். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் நீ இல்லை.

அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. நான் பொய்க்காரி என்று தெரிந்தும், இத்தனை வருஷமும் தினம் சாயங்காலம் கடைச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுத்தானே வீட்டுக்குப் போனாய்!