வங்கத்தின் விலா

2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை. எனக்கு வயது எழுபத்தெட்டு ஆண்டு, நான்கு மாதம், பதினொரு நாள். இன்று காலை சுங்கைப் பட்டாணி பாசாரில் வாங்கிவந்த கொடுவாய் மீனைப் பிளந்தபோது விலாமுள் வரிசை தெரிந்தது. கத்தியைக் கீழே வைத்தேன். தோழி, நீ இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அழுவதற்காக எழுதவில்லை, சொல்ல வேண்டியது ஒன்று மிச்சமிருக்கிறது.

நான் பள்ளியில் கற்பித்துக்கொண்டே முதுகலை படித்த காலம். பழைய இலக்கியம் வணிகப் பெருங்கப்பலை ‘வங்கம்’ என்கிறது. அச்சொல்லின் பிறப்பே என் ஆய்வுரை. வங்காளக் கரையிலிருந்து வந்த கப்பலாதலால் அப்பெயர் என்று நூலில் படித்ததை, உன் சாப்பாட்டுக் கடையின் அடுப்படியில் நின்று ஒப்பித்தேன். நீ மீன் அறுத்துக்கொண்டிருந்தாய்.

“எழுதுனவன் எவனாச்சும் கப்பல்ல ஒரு ஆணி அடிச்சிருக்கானா, டீச்சரம்மா?”

“உனக்குத் தெரியுமாக்கும்?”

“வாப்பாவுக்குத் தெரியும்லா.” பிளந்த மீனை என் மூக்குக்கு நேரே நீட்டினாய். “இந்த முள்ளு மாதிரி வளைஞ்ச கட்டைங்க உள்ள வரிசையா நிக்கும். அதுக்குப் பேரு வங்கு. அது இல்லாட்டி கப்பல் ஏது? வெறும் பலகைதான்.”

வாப்பா, உன் தந்தை, நாகூரில் கப்பல் தச்சராக இருந்தவர்; கடல் கடந்து இங்கு வந்தபின் தஞ்சோங் டாவாய் மீனவர் கரையில் மீன்படகுகளைச் செப்பனிட்டார். வங்குக்கு அவர் நேர்மரத்தை வளைக்கமாட்டார். வளைந்தே வளர்ந்த கிளையைத் தேடி எங்கள் ரப்பர் தோட்டத்து ஓரங்களில் நாள்கணக்கில் அலைவார். “வளச்ச மரத்தைக் கடல் நிமித்திரும்” என்பாராம். தோட்டத்தில் பிறந்த நாங்கள் மரத்தைப் பாலுக்காக மட்டுமே பார்த்தோம்.

வங்கு விளக்கத்தைச் சேர்த்து நான் எழுதிய ஆய்வுரை பேராசிரியரிடமிருந்து திரும்பி வந்தபோது வாப்பா இறந்து நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. அவர் பெயரை ஒருமுறை அச்சில் பார்க்க வேண்டும். வாழ்நாளில் நீ என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

“வாப்பா சொன்னது சரியாமா?” கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாய்.

“ஆதாரம் பத்தலையாம்.”

“போகட்டும்லா. படிக்காத மனுஷன்” என்று சிரித்தாய். அதன்பின் எத்தனையோ ஆண்டுகள், எத்தனையோ பேச்சு. அவர் தொழிலைப் பற்றி மட்டும் நீ வாய் திறக்கவில்லை. உனக்கு மறந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

மன்னிப்புக் கேட்டாலும் தர நீ இல்லை. ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன். திரும்பி வந்த அந்த ஆய்வுரையின் ஓரத்தில் பேராசிரியர் குறித்திருந்தார்: “வங்கு என்பதிலிருந்து வங்கம். மிகப் பொருத்தம். யாரிடம் கேட்டீர்கள்?”

“என் சொந்த ஊகம்” என்று எழுதிக் கொடுத்தேன். அப்படியே அச்சாயிற்று, என் பெயரில்.