கூழைக்கடா ஊருக்குத் துப்பாக்கியோடு

மார்கழி, திங்கள்

பனி. பழவேற்காட்டுக் கோட்டை வாசலில் எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. கோட்டைக்குத் தலைவரான ஒல்லாந்துக் கப்பித்தானுக்கு முழங்கால் வீக்கம், விடிய விடியக் கத்தினாராம். கூழைக்கடாக் கொழுப்பை உருக்கித் தேய்த்தால் நிற்கும் என்று வைத்தியன் சொல்லிவிட்டான். நாசமாய்ப் போனவன்.

ஏரியில் கூழைக்கடா ஏது? ஒல்லாந்தர் துப்பாக்கி வந்தபின் கொழுப்புக்கும் இறகுக்கும் சுட்டுச் சுட்டுத் தீர்த்தாயிற்று. மிச்சம் கூடு கட்டுவது ஒரே இடத்தில்தான். சுண்ணாம்புக்குளத்துக்கு வடக்கே, என் மாமனார் ஊர்க் குளத்து மரங்களில். அதையும் எவனோ கப்பித்தான் காதில் போட்டிருக்கிறான்.

"துபாஷி, அது உன் பெண்டாட்டி ஊர்தானே? நீயே வழிகாட்டு." கப்பித்தான் உத்தரவு; அவர் பேச்சைத் தமிழில் சொல்கிற துபாஷி நான். நாளைக் காலை தோணி.

மாட்டேன் என்றால் கால்விலங்கு. கூட்டிப்போனால்? அந்தப் பறவை மேல் ஒரு கல் விழுந்தாலும் ஊர்க்கட்டு. கூட்டி வந்தவன் வீட்டுக்கு நெருப்பு தர மாட்டார்கள், தண்ணீர் தர மாட்டார்கள், மருத்துவச்சி வாசல் மிதிக்க மாட்டாள். என் பெண்டாட்டி செங்கேணி அங்கேதான் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருக்கிறாள். நிறைமாதம். தலைப்பிள்ளை.

ராச்சோற்றை மூடி வைத்துவிட்டேன். கருவாடு பூனைக்கு.

செவ்வாய், மாமனார் வீட்டில்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

தோணியில் நான், துப்பாக்கி பிடித்த ஒல்லாந்துச் சிப்பாய் (சொல்தாது) ஒருவன், கடலோரக் குப்பத்துத் தோணிக்காரன். வாடைக்காற்று, குளிர். வழியெல்லாம் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டே வந்தேன், தோணி கவிழட்டும் என்று. கவிழவில்லை.

கரை நெருங்கும்போது ஒரு பாடை போனது. மேளம் இல்லை, சங்கு இல்லை. பின்னால் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு. தோணிக்காரன் கோலை நிறுத்திவிட்டான். "ஐயோ, மோளம் இல்லாத பொணம். ஆத்தா வந்துக்கிறாடா சாமி!"

எங்கள் பக்கத்தில் அம்மை கண்டு செத்தவர்களைத்தான் அப்படிக் கொண்டுபோவது. இடுப்பளவு தண்ணீரில் குதித்து ஓடினேன். பின்னால் சொல்தாது கத்தினான். திரும்பவில்லை.

செங்கேணி முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் திருப்பிப் பார்த்தேன், கையைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. "இன்னா, தண்ணில வுழுந்தீங்களா?" என்றாள்.

மாமியார் சொன்னது: "பக்கத்து வூட்டுப் பெரியவரு, வயசாயி போய்ட்டாரு. பட்சிங்க அடையில குந்திக்கினு இருக்கச் சொல்ல எவனாச்சும் மோளம் அடிப்பானா மாப்ளே? சத்தம் கேட்டா கூட்டையே வுட்டுட்டுப் பறந்துடும்."

எங்கள் கல்யாணத்தையே பறவைகள் போகட்டும் என்று வைகாசிக்குத் தள்ளியவர்கள். எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள். மடையன்.

கரைக்குத் திரும்பினேன். சொல்தாது மூக்கில் துணி கட்டித் தோணியில் நின்றான். தூரத்திலிருந்தே கேட்டான், அம்மையா என்று. அவன் தலைக்கு மேலேயே கூழைக்கடாக்கள் சுள்ளி கவ்வித் தாழப் பறந்தன. கண்ணை மூடிச் சுட்டாலும் ஒன்று விழும்.

ஆமாம் என்றேன். வீட்டுக்கு வீடு ஆத்தா என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

துப்பாக்கியை என் பக்கம் திருப்பி, நீ ஏறாதே என்றான். தோணி போய்விட்டது.

வராத ஆத்தாவை வந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டேன். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுக்கு என் வாயாலேயே அழைத்தாயிற்று. தாயே, தெரியாமல் சொல்லவில்லை, தெரிந்துதான் சொன்னேன். பொறுத்துக்கொள்.

வெள்ளி

கோட்டைத் தோணி ஒன்று தள்ளி நின்றே கூவிவிட்டுப் போனது. அம்மை கண்ட ஊராம், இந்த ஊர்த் தோணி பழவேற்காட்டுப் பக்கம் வரக்கூடாதாம். விற்க வழியில்லை. இறால் எல்லாம் காயப் போட்டிருக்கிறார்கள், தெருவெல்லாம் வாடை.

மாமனார்: "எந்தப் பாவி கெளப்பிவுட்டான்னு தெரியல. அவன் வாயி அழுவிப் போவ."

"ஆமாம் மாமா, பாவிப்பயல்" என்றேன்.

கோட்டை வைத்தியன் பார்க்க வந்தால்? ஊரில் ஒருவர் உடம்பிலும் அம்மை முத்து இல்லை. எனக்கு விலங்கு. உண்மையிலேயே ஆத்தா வந்துவிட்டால்? அதை எழுத மாட்டேன்.

குளத்துக்குப் போனேன். மரமெல்லாம் எச்சம், சுண்ணாம்பு அடித்ததுபோல. நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன். குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் கழுத்துவரை நுழைத்து மீன் தின்கிறது. தாய் வாயைத் திறந்தபடி நிற்கிறது. வெகுநேரம் பார்த்தேன்.

காய்ச்சலா என்று நான் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதில் செங்கேணிக்கு எரிச்சல். "இன்னா, சட்டி சுட்டுச்சானு பாக்கறீங்களா?"

தை, ஞாயிறு

பெண். விடிந்து கொஞ்ச நேரத்தில். செங்கேணி துணியைக் கடித்துக்கொண்டு சத்தம் போடாமல் பெற்றாள். குழந்தை மட்டும் ஊரைக் கூட்டியது. "இதுக்கு எந்தக் கட்டும் இல்ல, அழுவட்டும்" என்றாள் மருத்துவச்சி. எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

சாயங்காலம் பார்க்கிறேன், குழந்தை நெஞ்சில், வயிற்றில், சிவப்புச் சிவப்பாகப் பொரிப்பொரியாக.

மருத்துவச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அலட்டிக்கொள்ளவில்லை: "சூடுய்யா. பச்சப்புள்ளைக்கு வர்றதுதான்." அவளுக்கு என்ன தெரியும்? அழைத்தவன் நான் அல்லவா?

என் முகத்தைப் பார்த்து மாமியாரும் பயந்துவிட்டாள். மஞ்சள் துணியில் எதையோ முடிந்து, வேப்பமரத்துப் பக்கம் போனாள்.

செவ்வாய்

இறங்கிவிட்டது. தடம்கூட இல்லை. விளக்கைப் பிடித்து மடிப்பு மடிப்பாகப் பார்த்தேன். வலைக் குவியலுக்குப் பின்னால் போய் அழுதேன், வெட்கமில்லாமல்.

மாமியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஆத்தாகிட்ட நேந்துக்கினேன் மாப்ளே. தடம் தெரியாம எறங்குனா உம் பேரையே வெக்கிறேன்னு. இவ மாரிதான்."

செங்கேணிக்கும் பிடித்துவிட்டது. நேர்ந்த பேரைத் தள்ளிப்போடக் கூடாதாம். "நைனாதான் மொதல்ல கூப்புடணும், காதுல" என்று குழந்தையை என் மடியில் வைத்தார்கள்.

குனிந்தேன். பொய்யாய் ஆத்தாவை அழைத்த அதே வாய். எப்படியோ சொன்னேன்.

சத்தமே வரவில்லையாம். "இன்னொரு வாட்டி, நல்லா வாய்வுட்டுக் கூப்புடுங்க" என்றாள் செங்கேணி.