சாவடி அதிகாரியின் முகம்

மீனாட்சிபுரம்,
18-12-1978

சிரஞ்சீவி சென்னியப்பனுக்கு,

இங்கு நானும் உன் அம்மாவும் நலம். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அன்றே பதில் எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. இதிலும் ஏதாவது பிழை இருக்கலாம்.

நீ கேட்டவற்றுக்கு வரிசையாகச் சொல்கிறேன். அம்மாவின் மூட்டுவலி பனியில் கூடியிருக்கிறது. எருமை கன்று போட்டது, கிடாரி. நீ அனுப்பிய சேலையை அம்மா இன்னும் உடுத்தவில்லை. ஊரில் நீ அச்சகத்தில் வேலை பார்ப்பதாகத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அச்சகக்காரன் சம்பளத்தில் இவ்வளவு நல்ல சேலையா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

பொங்கலையொட்டி நம் பக்கம் படப்பிடிப்புக்கு வருவதாகவும், நான் வந்து உன் வேலையைப் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். ஐந்து வருடத்துக்கு முன் நீ கல்லூரியை விட்டுப் போனபோது, "மூஞ்சிக்குச் சாயம் பூசறதுக்காடா உன்னப் படிக்க வெச்சேன்" என்று கத்தியவன் நான். என் ஆயுளில் அப்படிக் கத்தியது அந்த ஒரு நாள்தான். அது சரியா தவறா என்று இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை. முடிவாகாமல் எப்படி வருவது? கூட்டத்தில் ஒருவர், "வாத்தியாரே, அது உங்க பையனாட்ட இருக்குதே" என்று கேட்டால் என்ன சொல்வது?

வேளைக்குச் சாப்பிடச் சொல்கிறாள் அம்மா.

இப்படிக்கு,
மு. குப்பண்ணன்


சென்னை,
27-12-1978

மதிப்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

நீங்கள் வருவதும் வராததும் உங்கள் விருப்பம். வேறொன்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஐந்து வருடமாக மேக்கப் மாஸ்டருக்குத் தூரிகை கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்தப் படத்தில் ஒரு முகத்தை முழுவதும் என் பொறுப்பில் விட்டிருக்கிறார். இருபத்து மூன்று வயதுப் புது நடிகன் ஒருவனை ஐம்பது வயது எல்லைச் சாவடி அதிகாரியாக மாற்ற வேண்டும். நன்றாக வந்தால் அடுத்த படத்திலிருந்து எனக்குத் தனி மேக்கப் பெட்டி. வராவிட்டால் மறுபடி தூரிகை கழுவ வேண்டியதுதான்.

யார் முகத்தை வைப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. 1966ஆம் வருடம், எனக்குப் பத்து வயது. மாமா வீட்டிலிருந்து எட்டுப் படி அரிசி எடுத்துக்கொண்டு கேரள எல்லை தாண்டி வந்தோமே, எல்லை தாண்டி அரிசி கொண்டுபோகத் தடை இருந்த காலம், அன்று நம்மை நிறுத்திய அதிகாரி. கன்னத்தில் அம்மைத் தழும்பு, தாடையில் மச்சம், உதட்டோரம் வெற்றிலைச் சுண்ணாம்பு, எல்லாம் நினைவிருக்கிறது. ஒரு கண்ணின் இமை பாதி சரிந்திருக்கும். அது வலதா, இடதா என்பது மட்டும் தெரியவில்லை. நான் உங்கள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். நீங்கள்தான் நேருக்கு நேர் நின்றீர்கள்.

எழுதுவீர்களா?

அன்புடன்,
சென்னியப்பன்


மீனாட்சிபுரம்,
2-1-1979

சென்னியப்பனுக்கு,

நீ குறிப்பிடும் அதிகாரி யாரென்று எனக்கு நினைவில்லை. அன்று வழியில் அரிசிப் பை கிழிந்துபோயிற்று. நடந்தது அவ்வளவுதான். உன் அம்மாவிடமும் அன்றே அப்படித்தான் சொன்னேன்.

படப்பிடிப்புக்கு வர இயலாது. மன்னிக்கவும்.

இப்படிக்கு,
மு. குப்பண்ணன்


பொள்ளாச்சி,
11-1-1979

அப்பாவுக்கு,

படப்பிடிப்பு இடத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் சின்னமுத்து நம் ஊர்ப் பக்கம் போகிறாராம். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்றுப் பிற்பகல் மூன்று மணி இருக்கும். கோபாலபுரம் தாண்டி வண்டிப்பாதையில் நாங்கள் போட்டிருந்த சாவடிக்கு நீங்கள் வந்தீர்கள். கேமராவில் பிலிம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி வேடத்தில் இருந்த பையன் பொழுது போகாமல், "பெரியவரே, பையில என்ன?" என்று சும்மா கேட்டான். நீங்கள் செருப்பைக் கழற்றினீர்கள். "அரிசிங்க. எட்டுப் படிங்க. ஊட்டுச் செலவுக்குத்தானுங்க" என்று சொல்லிப் பையை அவன் காலடியில் வைத்தீர்கள்.

இப்போது அரிசிக்குத் தடையில்லை, அப்பா. பையிலும் நாலு படிதான் இருக்கிறது.

எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டர் என் முதுகில் தட்டினார். தனிப் பெட்டி எனக்கு உறுதியாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் திரும்பி நடந்தபோது மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். என்னைக் கடந்து போய்விட்டீர்கள். பதின்மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு முகம் தெரிந்தது, பெற்ற மகன் முகம் தெரியவில்லை. தாடி வைத்திருக்கிறேன், இளைத்தும் இருக்கிறேன். அதனால்தானா?

அன்று அந்த அதிகாரி அரிசியை மண்ணில் கொட்டி, உங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்க நம்மைப் பொறுக்கச் சொன்னதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பை கிழிந்தது என்று நீங்கள் சொன்னபோது நானும் அம்மாவிடம் ஆமாம் என்றேன். உங்களைக் குத்திக்காட்ட இந்த முகத்தைச் செய்யவில்லை. படம் பார்க்கிற ஊரெல்லாம் அவனை வெறுக்கட்டும் என்றுதான் செய்தேன்.

பை என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை மாலை சென்னைக்குக் கிளம்புகிறோம். வீட்டுக்கு வந்து கொடுக்கலாமா, யாரிடமாவது கொடுத்தனுப்பவா என்று ஒரு வரி எழுதுங்கள்.

சென்னியப்பன்


மீனாட்சிபுரம்,
12-1-1979

அன்பு மகன் சென்னியப்பனுக்கு,

தபாலை நம்பினால் சனிக்கிழமை தாண்டிவிடும். சின்னமுத்துவிடமே கொடுக்கிறேன். இதைக் கிழிக்காமல் எழுதி முடிக்க வேண்டும் என்று காலையிலேயே தீர்மானம் செய்துகொண்டேன்.

முதலாவது, நான் அந்தப் பக்கம் தற்செயலாக வரவில்லை. மாமா வீட்டிலிருந்து வர அது எவ்வளவு சுற்று வழி என்று உனக்கே தெரியும். தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்தேன்.

இரண்டாவது, உன் முகம் எனக்குத் தெரியாமல் போகவில்லை. புளியமரத்தருகே வரும்போதே உன்னைத்தான் முதலில் கண்டேன். இடது கையில் தூரிகை பிடித்திருந்தாய். சிலேட்டில் இடது கையால் எழுதியதற்காக அந்தக் கையில் அடித்தவன் நான். எனக்கு அது தெரியாதா? தாடி உனக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

அப்புறம் அவரைக் கண்டேன். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அந்தத் தழும்பு, அந்த மச்சம், உதட்டோரச் சுண்ணாம்பு, எதிரே இருப்பவனை ஆளாகவே மதிக்காத அந்தத் தாடைத் தூக்கல். இது வேடம் என்று என் அறிவுக்குத் தெரிந்தது. கைகால்களுக்குத் தெரியவில்லை. எட்டுப் படி என்று சொன்னது நானா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

அரிசி பொறுக்கிய அன்றைக்கும், வீடு வந்து சேரும்வரை நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. அதே முகத்துக்கு இரண்டாம் முறையும் உன் எதிரிலேயே பயந்துவிட்டு, உன் கண்ணை எப்படிப் பார்ப்பேன்? அதனால்தான் கடந்து போனேன்.

ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. சின்னமுத்து கடையில் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அவர் விடவில்லை. "ஏனுங்க வாத்தியாரே, பொம்ம ஆபீசருக்கே அரிசியக் குடுத்துப்போட்டு வந்துட்டீங்க. நெச ஆபீசரு வந்தா ஊட்டையே எழுதிக் குடுத்துருவீங்களாட்ட இருக்குதே" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"அந்த மொகம் எம் பையன் பண்ணுனதுங்க" என்றேன்.

"அவன் அச்சாபீசுல இருக்கறான்னு சொன்னீங்க?"

"பொய் சொன்னனுங்க."

சின்னமுத்து எட்டி உன்னைப் பார்த்தார். பிறகு அந்த அதிகாரியைப் பார்த்தார். "அப்படீன்னா நீங்க பயந்ததுல தப்பே இல்லீங்க" என்று சொல்லி டீயை என் முன்னால் வைத்தார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஐந்தரை மணிக்குப் பனைமரத்தடியில் நாற்காலி போட்டு நீ அந்த நடிகனை உட்காரவைத்தாய். முதலில் மீசையை ஓரத்திலிருந்து மெதுவாக எடுத்தாய். மச்சம் உன் நக நுனியில் வந்தது. பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டுக் கன்னத்தில் ஒரு சுற்று. தழும்புகள் உரிந்து வந்தன. நான் எழுந்து நின்றுவிட்டேன். இத்தனை வருடம் நான் தூக்கிச் சுமந்த முகம் எண்ணெய்ப் பஞ்சாக உன் கையில் இருந்தது. அதை எறிந்துவிட்டுக் கை கழுவினாய். அந்த முகத்துக்கு அடியில் ஒரு சின்னப் பையன், வடை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தான். முப்பத்தொரு வருடம் வாத்தியாராக இருந்தேன். இப்படி ஒன்றை நான் படித்ததும் இல்லை, பார்த்ததும் இல்லை. சாயம் பூசுவது என்று நான் சொன்னது தவறு. இப்போது அது முடிவாகிவிட்டது.

நேற்று உன் கடிதம் வந்ததும், பை கிழியவில்லை என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு அன்றைக்கே தெரியுமாம். "தைக்கலாமுன்னு எடுத்துப் பார்த்தேன், ஒரு கிழிசலுங் காணோம். அப்பனும் மகனும் ஒரே மாதிரி சொல்றீங்களேன்னு விட்டுட்டேன்" என்கிறாள். உன்னிடம் இருப்பது அதே பைதான். திருப்பிப் பார், ஒரு தையல்கூட இருக்காது.

அதை யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். நீயே கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமைப் பொங்கலுக்கு வேறு அரிசி எடுக்க மாட்டேன் என்கிறாள் அம்மா. அந்தச் சேலையை மடிப்புப் பிரித்து வைத்திருக்கிறாள். இரண்டு நாள் தங்க முடியுமா என்று உன் மாஸ்டரிடம் கேள். பகலிலேயே வா, கடைவீதி வழியாக வா. நான் பஸ் நிற்கிற இடத்தில் நிற்பேன்.

கடைசியாக, நீ கேட்ட கேள்விக்குப் பதில். நீ வலது இமையைச் சரித்திருந்தாய். அது இடது. இதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. படத்தில் இனி மாற்ற முடியாது என்றால் இருக்கட்டும். நேருக்கு நேர் நின்றவர் சொன்னார் என்று உன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்.

உன் அப்பா